நாக்கில் வராத ளகரம்

என் அன்புக் குட்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது, மற்றபடி வீட்டில் எல்லோரும் ஒரே கட்சிதான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் அரை மணி நேரம் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தைப் போனில் சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. வரவில்லை என்றால் நிஜமாகவே வரவில்லை. போகப் போகச் சொல்கிறேன், முதலில் வீட்டுச் சங்கதியை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா இந்தக் கவரை ஒட்டவே விடமாட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ரிட்டயர் ஆகி ஏழு மாதம் ஆகிறது, நர்ஸ் உத்தியோகம் மட்டும் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. தெருவில் யார் தும்மினாலும் ஜன்னலில் தலை நீட்டுகிறாள். போன வாரம் தபால்காரரை உட்காரவைத்து பிரஷர் பார்த்து, உப்பைக் குறைங்க, கோபத்தையும் குறைங்க என்று அனுப்பினாள். அவர் இப்போது நம் வீட்டுத் தபாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு சைக்கிளை மிதிக்கிறார். குளியலறைக் குழாய் சொட்டுவதை நான் இன்னும் சரி செய்யவில்லை, ஊர் விளக்கையெல்லாம் சரி செய்கிறவருக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படாது என்று தினமும் ஒரு தடவை அர்ச்சனை நடக்கிறது. நீ அனுப்பிய மெத்துமெத்தென்ற செருப்பைத்தான் வேலைக்குப் போட்டுப் போகிறேன், முழங்காலுக்கு நன்றாக இருக்கிறது.

தியேட்டரில் இந்த மாதம் வேலை நிமிர விடவில்லை. ரிட்டயர் ஆகுங்கப்பா, ரிட்டயர் ஆகுங்கப்பா என்று நீ சொல்லிக்கொண்டே இரு, இருபதாம் தேதிக்கு முன்னால் என்னை அந்தக் கரண்டு ரூமை விட்டு யாரும் வெளியே இழுக்க முடியாது. சின்ன வயதில் உனக்கு நான் வாசித்துக் காட்டிய நம் புத்தகம் படமாக வருகிறது, அதுவும் நான் ஒயர் இழுத்த தியேட்டரில் வருகிறது, நான் வீட்டில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பேனா. மேனேஜர் தலைகால் புரியாமல் திரிகிறார். பெரிய திரைக்குப் புது ஸ்பீக்கர் எட்டு இறங்கியிருக்கிறது, படிக்கட்டு ஓரத்துச் சின்ன விளக்குகள் எழுபத்திரண்டையும் கழற்றித் துடைத்து மாட்டினேன், இடைவேளையில் பாப்கார்ன் மிஷினைப் போட்டதும் கரண்டு போகிற பழைய வியாதிக்குத் தனி லைன் இழுத்து வைத்தியம் பார்த்தாயிற்று. வாசலில் போஸ்டரும் வந்துவிட்டது. முழுக்கக் கறுப்பு, நடுவில் அந்த விண்வெளிப் பெண் சின்னதாக நிற்கிறாள், அவளைச் சுற்றி ஆயிரம் வெளிச்சப் புள்ளி. பின்னாலிருந்து லைட் அடிக்கிற பெட்டி என் கைவேலை. மேனேஜர் எட்ட நின்று பார்த்துவிட்டு, அண்ணே, இங்கயே படம் ஓடுதே, உள்ள யாருண்ணே வருவா என்றார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் அந்தப் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க வயிற்றில் புளியைக் கரைத்தது. என் வாயால் சொன்னால் புலியைக் கரைத்தது என்றுதான் உனக்குக் கேட்கும், சங்கதியே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன கோபமாக இருந்தாய். டிரெய்லரைப் பார்த்துவிட்டு, புக்கைப் படிக்காமலே எடுத்திருக்காங்கப்பா, ஒலியால பேசுறவங்கள ஒளியால பேச வச்சுட்டாங்க, எல்லாம் கிராபிக்ஸ் காட்டுற ஆசை என்று பொரிந்து தள்ளினாய். அதோடு விட்டாயா, படம் வருகிற அன்று காலையில் உங்கள் ஆஸ்பத்திரி ஹாலில் முந்நூறு பேருக்கு முன்னால் பேசப்போகிறாயாம், காது கேட்காத குழந்தைகளுக்குக் கருவி பொருத்துகிற வேலைக்கு நீ வந்ததே அந்தக் கதையில் வருகிற ஒலி மனிதர்களால்தான் என்று சொல்லப்போகிறாயாம், படம் எடுத்தவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப்போகிறாயாம். பேச்சு முடிந்ததும் நாவலின் புதுப் பதிப்பை ஹால் வாசலிலேயே விற்கிறார்கள் என்றும் சொன்னாய். முந்நூறு பேரில் ஒருவர் மூன்றாவது அத்தியாயத்தைப் புரட்டினால் போதும், உன் மானம் கப்பலேறிவிடும். அதனால் அப்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன், குட்டி. புக்குல ஒலிதாம்மா என்றேன். அதைத்தானேப்பா நானும் சொல்றேன் என்றாய். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் அழுத்தி, ஒலி இல்லம்மா, ஒலி என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்து, என்னப்பா குழப்புறீங்க, போய்த் தூங்குங்க என்று போனை வைத்துவிட்டாய்.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாள் பூரா லைட்டு லைட்டுன்னு வாய் நிறையச் சொல்ற மனுஷனுக்கு அந்த ஒரு நேரம் லைட்டுன்னு சொல்ல வரலையா என்றாள். சொல்லியிருக்கலாம்தான். அதற்குள் இருந்த தைரியம் ஓடிவிட்டது. மெசேஜ் ஒன்று தட்டிவிடுங்களேன் என்றாள். இருபத்தாறு வருஷத்துப் பொய்யை இரண்டு வரியில் எப்படித் தட்டுவது, அதனால்தான் கடிதம். எழுத்தில் எனக்கும் ளகரத்துக்கும் எந்தத் தகராறும் இல்லை. ஆகவே இப்போது பார்த்துக்கொள். அந்தக் கிரகத்துக்காரர்கள் புத்தகத்தில் பேசுவது ஒளியால். வெளிச்சம். லைட்டு. மூன்று விதமாக எழுதிவிட்டேன்.

என் நாக்கைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழைக்காலத்தில் ஜெனரேட்டர் ரூமில் தண்ணீர் புகுந்து, சார் கீழ ஒரே வெல்லம் என்று நான் போன் பண்ண, எத்தனை கிலோண்ணே என்று கேட்டார் அப்போது இருந்த மேனேஜர். பள்ளிக்கு நேரமாச்சு என்று உன்னை எழுப்பினால் பல்லி எங்கே என்று கட்டில் மேல் ஏறி நிற்பாய். அப்படி என்னைக் கேலி செய்தவள் இந்த ஒரு சொல்லில் எப்படி ஏமாந்தாய் என்றால், உன் மேல் தப்பே இல்லை. பேசுவது என்றால் ஒலியால்தானே, யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

உனக்கு எட்டு வயது. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி, நாற்பது நாள் கட்டு. அம்மாவுக்குப் பகல் டியூட்டி, எனக்கு மத்தியானக் காட்சியிலிருந்துதான் வேலை, அதனால் காலை முழுக்க நீயும் நானும்தான். முதல் பத்து நாள் நீ சிரிக்கவே இல்லை. இப்ப பகலா ராத்திரியா, இப்ப பகலா ராத்திரியா என்று அதையே கேட்டுக்கொண்டிருப்பாய். பதினோராவது நாள் இந்த நாவலை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது அத்தியாயத்தில், இவர்களுக்கு வாய் கிடையாது, ஒளியால் பேசுவார்கள் என்று வரும். நான் வாசித்ததும் நீ எழுந்து உட்கார்ந்தாய். அப்போ அவங்க நம்ம வீட்டுக்கு வந்தா எனக்கும் கேக்கும்லப்பா, பாக்க வேண்டாம்ல என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, இல்லம்மா அது கேட்கிற சங்கதி இல்லை, பார்க்கிற சங்கதி, உனக்குத் தெரியாது என்று எந்த அப்பனால் சொல்ல முடியும், நீயே சொல். முதலில் நடந்தது நாக்குப் பிசகு. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நான் தெரிந்தே செய்தது.

தெரிந்தே என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள், நான் கரண்டு ரூமில் உட்கார்ந்து மறுநாள் அத்தியாயத்தை மாற்றிக்கொண்டிருப்பேன். மின்னியது என்று வந்தால் முனகியது, பளிச்சிட்டது என்று வந்தால் கூப்பிட்டது, நீல நிறமாக மாறியது என்று ஓர் இடத்தில் வந்து என் உயிரை வாங்கியது, அதை ஜலதோஷம் பிடித்த குரலில் சொன்னது என்று ஆக்கினேன். கூடத்து டியூப்லைட்டில் அப்போது சோக் கெட்டுப்போய், எரியவும் மாட்டாமல் அணையவும் மாட்டாமல் ம்ம்ம்ம் என்று முனகிக்கொண்டு மினுக்கும். எலெக்ட்ரீஷியன் வீட்டில் இப்படியா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நான் வேண்டுமென்றே மாற்றவில்லை. அவர்கள் பேசுகிற இடம் வந்ததும் சுவிட்சைப் போடுவேன். நீ அவர்களுக்கு ம்ம் மாமாக்கள் என்று பெயர் வைத்தாய், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கே அர்த்தம் சொல்ல ஆரம்பித்தாய். உனக்கு முனகல் கேட்டது, எனக்கு மினுக்கல் தெரிந்தது, இருவருக்கும் ஒரே டியூப்லைட்தான். புத்தகத்தை லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று பிறகு சொன்னேனே, அது அடுத்த பொய். அது என் சொந்தப் புத்தகம், கரண்டு ரூமில் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, மண்டையோட்டுப் படம் போட்ட அபாயப் பலகைக்குப் பின்னால் ஒரு நாவல் ஒளிந்திருப்பதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடையிலும் எங்கேயும் கிடைக்காமல் போயிற்று, நீயும் எனக்குத்தான் மனப்பாடமாச்சே என்று விட்டுவிட்டாய், நானும் தப்பித்தேன்.

இதுவரை எழுதியதைக்கூட எப்படியோ சொல்லிவிடலாம், இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். போன வருஷம் மாப்பிள்ளை உன் வேலை அறையைப் படம் எடுத்து அனுப்பினார். சுவரில் சட்டம் போட்டு ஒரு வரி மாட்டியிருக்கிறாய், கீழே நாவலாசிரியர் பெயரும் போட்டிருக்கிறாய். கருவியை முதன்முதலாகக் காதில் மாட்டும்போது குழந்தைகள் பயந்து அழும், அப்போது இதைத்தான் படித்துக் காட்டுவேன் என்று சொன்னாய். பேச்சையும் இந்த வரியைச் சொல்லித்தான் முடிக்கப்போகிறாயாம். கண்ணைத் திறக்க அவசரப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிற அந்த வரி புத்தகத்தில் இல்லை, குட்டி. எந்தப் பக்கத்திலும் இல்லை, தேடாதே. கடைசி அத்தியாயத்தை நாம் வாசித்த அன்று, மறுநாள் உனக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். இடது கண் வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் அன்று காலையில்தான் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார், உன்னிடம் சொல்லவில்லை. புத்தகத்தில் அவர்கள் ஒவ்வொருவராக அணைந்து போய்விடுவார்கள், அந்தப் பெண் முழு இருட்டில் தனியாக நிற்பாள், அவ்வளவுதான், கதை முடிந்தது. எழுதியவர் பெரிய ஆள், அவருக்கு அது சரி. எனக்கு எதிரே கட்டிலில் கண்ணில் கட்டோடு நீ உட்கார்ந்திருந்தாய். புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரே ஒரு மாமா மட்டும் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிச் சொன்னார் என்று என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டாய். கடைசிப் பக்கத்தில் அவளோடு யாரும் தங்குவதில்லை, கண்ணு. தங்கினது நான்தான்.

உன் வேலையே என் தப்பில் முளைத்ததோ என்று இந்த நாலு நாளாக ஒரே யோசனை. உங்க நாக்கு நல்லா இருந்திருந்தா நம்ம பொண்ணு பல்பு கம்பெனியில இருந்திருப்பா, பேசாம இருங்க என்கிறாள் அம்மா. நீ பேச்சை மட்டும் நிறுத்திவிடாதே. ஒலி மனிதர்களைப் பற்றியே பேசு, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடு, நன்றாகச் சிரிக்கட்டும். படம் எடுத்தவர்களைத் திட்டுவதை மட்டும் விட்டுவிடு, அவர்கள் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள், தப்பாகப் படித்தவன் உன் அப்பன். சட்டத்தில் இருக்கிற எழுத்தாளர் பெயரையும் எடுத்துவிடு, அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டக் கூடாது. என் பெயர் வேண்டாம். அப்பா சொன்னது என்று போட்டால் போதும், அங்கே வருகிற குழந்தைகள் அவரவர் அப்பா சொன்னதாக நினைத்துக்கொள்ளட்டும்.

கோபம் இருந்தால் திட்டுவதற்காவது போன் பண்ணு, இருபதாம் தேதி காலைக் காட்சிக்கு முன்னால் பண்ணு, உள்ளே போனால் எடுக்க முடியாது. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். இந்த வருஷத்துக் கண் பரிசோதனைக்கு இன்னும் போகவில்லை என்று மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார், இடது கண்ணைக் கட்டாயம் காட்டிவிட்டு வா.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டு இருக்கும்,
அப்பா