செருப்பு மிதவை

அன்புள்ள அப்பாவுக்கு,

நெஞ்சு நோ இப்போது எப்படி? நான் திருகோணமலையில் நல்ல சுகம். கடைச் சோறுதான் இறங்குவதில்லை. நம்மூர் வெருகலில் இருந்து வரும் பஸ்ஸில் அம்மாவின் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பிவிடுங்கள்.

நேற்று ஸ்கூபா முக்குளிக்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு குடாவில் இறங்கினேன். கடல் குளம்போலக் கிடந்தது. எங்கோ அறுந்து வந்து பவள முருகைக்கல்லில் சிக்கியிருந்த வலையொன்றை வெட்டி எடுத்தேன். மிதவைகள் செருப்பை வெட்டிச் செய்தவை. ஒன்றில் 'சி' என்று சுட்டிருந்தது. நீங்கள் ஆஸ்பத்திரியால் வந்தபின் நான் வாங்கித் தந்த செருப்பு அது. கோயிலில் மாறிப்போகாமலிருக்க உங்கள் பெயரின் முதலெழுத்தை நானேதான் கம்பி காய்ச்சிச் சுட்டேன்.

"இனிக் கடலுக்குப் போகமாட்டன் மகன்" என்றுதானே சொன்னீர்கள்? அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அந்தத் துண்டு என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஸ்கூபாப் படகு புறப்படுகிறது. இத்துடன் புதுச் செருப்பு வைத்திருக்கிறேன். இதையாவது காலில் போடுங்கள்.

மகன்,
யதுர்ஷன்