துண்டுக்குள் பேசிய விலை

இன்று காலை நம் தெருமுனையில் அத்தர் மணத்தது. கல்யாணமும் இல்லை, சாமி புறப்பாடும் இல்லை. பட்டணத்துப் பெரிய ஜவுளிக்கடைக்காகப் புடவை வாங்குகிறவர்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. உடனே உன் நினைவு வந்தது. அடுத்தவர் அத்தரை மோந்துவிட்டு, செத்துப்போன நண்பனை நினைக்கிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உன் தறிகளில் நெய்த புடவை முழுவதையும் அந்த ஒரு கடையே வாங்கியது. விலை பேசுவது துண்டுக்குள். இருவர் கையும் உள்ளே இருக்கும். அவர் உன் விரல்களைப் பிடிக்கிற பிடிதான் விலை. துண்டு, தரகனாகிய என்னுடையது. அதைத் தவிர அந்த வியாபாரத்தில் நான் போட்ட முதல் எதுவும் இல்லை.

வருஷத்துக்கு வருஷம் விலையை இறக்கினார். வெளியே மட்டும், "உங்களுக்குக் குடுக்கறத வேற யாருக்கும் குடுக்கலைங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். அதைக் கேட்ட உன் நெசவாளிகள், லாபத்தை நீ அமுக்கிக்கொண்டு கூலியை இறுக்குவதாகப் பேசினார்கள். அந்தப் பேச்சை ஆறவிடாமல் உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான்.

ஒரு தை மாதம் இன்னும் இறக்கிப் பிடித்தார். "பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாருங்க. நீங்க மாட்டேன்னா சரக்கு வேணாம்."

அந்த விலைக்குக் கொடுத்தால் இரண்டு தறிகளை நிறுத்த வேண்டும். அவற்றில் நெய்த முனுசாமிக்கும் அவன் தம்பிக்கும் வேலை போகும். நீ அவர் கையை விடவில்லை.

"முனுசாமி, இங்க வாபா. இந்தத் துண்டை எடு."

அவர் நெளிந்தார். "மூடிப் பேசறதுதானே முறைங்க?"

"என் கை இன்னா திருட்டு நகையா, மூடி வைக்க?"

முனுசாமி துண்டை உருவினான். விரல்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "இதானா விலை? பட்டும் ஜரிகையும் வாங்கவே பத்தாதேபா. உன்னைப் போயி தப்பாப் பேசிக்கினு இருந்தேனே."

பக்கத்து வீட்டுத் தறிக்காரரும் எட்டிப் பார்த்தார். "நான் எங்க ஒத்துக்கினேன்? நீ ஒத்துக்கினதா இல்ல எங்கிட்ட சொன்னாரு."

அன்று தெருவில் எந்த வீட்டிலும் அவருக்கு அந்த விலைக்குப் புடவை கிடைக்கவில்லை. முகூர்த்தங்களோ நெருங்கிவிட்டன. போன வருஷ விலைக்கே வாங்கிக்கொண்டு ரயிலேறினார். அதில் நீ மாடி வீடு கட்டிவிடவில்லை; ஆனால் ஒருவனுக்கும் வேலை போகவில்லை, என் துண்டைத் தவிர.

நீ போன பிறகும் நம் தெருவில் விலையைத் திறந்துதான் பேசுகிறோம். இன்று உன் மகனுக்காக நான் பேசப் போனபோது அவர் என் காதருகே குனிந்து, "மெதுவா சொல்லுங்க" என்றார். மெதுவாகப் பேசுவது எனக்கு மறந்தே போய்விட்டதப்பா. உள்ளே முனுசாமியும் அவன் தம்பியும் நெய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் விலையைச் சொன்னேன்.