பயாப்ஸியில் தெரிந்த பச்சை

பிப்ரவரி 6
இரத்தத்தில் கிரியேட்டினின் மறுபடி ஏறியிருக்கிறது; சிறுநீரகம் தடுமாறுகிறது. மீன் வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இது என் கணவன் ஹால்வார்ட் கொடுத்த சிறுநீரகம். அடிவயிற்றின் வலப்பக்கம் கை வைத்தால் தட்டுப்படும். அவன் வடக்கே வார்தோவுக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. கொடுத்தவன் போய்விட்டான், கொடுத்தது மட்டும் என்னோடு. இப்போது அதுவும் போகப் பார்க்கிறதா?

பிப்ரவரி 9
போகும் முன் அவன் கத்தியது: "காபி போட்டா நன்றி, கதவைத் திறந்தா நன்றி! புருஷன்கிட்டயா பேசற, குன்வோர்? விருந்தாளிகிட்ட பேசற மாதிரி இருக்கு." நான் அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

பிப்ரவரி 14
பெர்கனில் பயாப்ஸி. "மருந்து செய்யற கெடுதலா, கிருமியா, இல்ல உங்க உடம்பே இதை விரட்டுதா? ஊசியால எடுத்த துணுக்குல சாயம் ஏத்திப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர் ரான்டி.

பிப்ரவரி 15
போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஹால்வார்டின் குரலையாவது கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 18
டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். இருட்டில் மெல்லிய பச்சை வளையங்கள் ஒளிர்ந்தன.

"இதெல்லாம் கிட்னியோட ரொம்ப நுணுக்கமான ரத்தக் குழாய். சுவர்ல பச்சையா ஒட்டியிருக்கே, அதுக்கு சி4டின்னு பேர். காம்ப்ளிமென்ட்னு நம்ம உடம்போட தற்காப்புப் புரதம் இருக்கு, அதோட துணுக்கு. ஆன்டிபாடி வந்து தாக்கிட்டுப் போயிடும். இது சுவரைவிட்டு லேசுல போகாது. அதனாலதான் இதைத் தேடறோம்."

ஹால்வார்டின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி என் இரத்தத்திலும் இருக்கிறதாம்.

"எனக்கு எப்படி வந்தது?"

"எப்பவாவது கர்ப்பமா இருந்தீங்களா?"

இருந்தேன். எட்டாம் மாதம். பெண். பிறந்தபோது அழவில்லை.

அவளில் பாதி ஹால்வார்ட். என் உடம்பு அப்போதே அவனை அந்நியனாக அடையாளம் கண்டு வைத்திருக்கலாம். மாற்று சிகிச்சைக்கு முன் சோதித்தபோது தென்படாதது இப்போது விழித்திருக்கலாம். "உங்க தப்பு எதுவும் இல்ல" என்றார் டாக்டர். தப்பைப் பற்றி யார் கேட்டது? நான் அவள் தலைமுடியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரமாக, கறுப்பாக... எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் கறுப்பு முடி கிடையாது.

பிப்ரவரி 19
கூப்பிட்டுவிட்டேன். அங்கே புயல். குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"உன் கிட்னியை என் உடம்பு அடிக்குது. பாப்பா வயித்துல இருந்தப்ப வந்த ஆன்டிபாடியா இருக்கும்கறாங்க."

அவளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவள் போனபின் அவன் தன் படகை விற்றான், நான் அவளுக்கென வைத்த அறைக்கு வெள்ளை அடித்தேன். அவ்வளவுதான்.

"அப்போ உன் உடம்பு அவளை மறக்கவே இல்லையா?" என்றான்.

"உன்னையும் மறக்கல. அதான் இப்ப வம்பு."

சிரித்தான். பிறகு அழுதான் – ஹால்வார்ட்!

"வரட்டுமா?"

"ரோடெல்லாம் பனி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வா. வந்து தொலை."

மார்ச் 2
இரத்தத்தை வெளியே எடுத்து, ஆன்டிபாடியை நீக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். உதடு மரத்துப்போகிறது, குளிர் நடுக்குகிறது. ஹால்வார்ட் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிறான், எல்லாம் தப்பு. வீட்டில் மாடியறையில் படுத்துக்கொள்கிறான். காலையில் அவன் படியிறங்கும் சத்தத்துக்காகக் காத்துக் கிடக்கிறேன். பக்கத்தில் இருந்தால் ஏக்கம் குறையும் என்று நினைத்தேன். எங்கே குறைகிறது?

மார்ச் 21
கிரியேட்டினின் ஏறுவது நின்றது. இறங்கவில்லை. "போனது திரும்பாது. இருக்கறதை இன்னும் பல வருஷம் காப்பாத்தப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

மார்ச் 28
பாப்பாவின் கல்லறைக்குப் போனோம். கல்லில் தேதி மட்டும்தான் இருக்கிறது.

"மனசுக்குள்ள என்ன பேர் வச்சிருந்த?" என்றான்.

சொன்னேன். அவனும் சொன்னான். வேறு வேறு பெயர். வீடு வந்து சேரும்வரை சண்டை.

ஏப்ரல் 19
வார்தோவில் இன்னும் சாலையெல்லாம் பனி, ஆணி வைத்த டயர் இல்லாமல் வரவேண்டாம் என்று வானொலியில் சொன்னார்கள். ஹால்வார்டுக்கும் கேட்டிருக்கும். காரிலிருந்து ஆணி வைத்த பனி டயர்கள் நான்கையும் கழற்றிக் கழுவி, எங்கள் கொட்டகையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.