எங்களை விட்டுப் போன புயல்

என் உயிரான செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் புயல் இது. நேற்றோடு ஓய்ந்துவிட்டது. பறந்துபோன கூரைத் தகரத்தைத் தேடி இழுத்து வந்து நானே ஆணி அடித்தேன். உடம்பெல்லாம் அசதி. நீங்கள் இருந்திருந்தால் என்னை ஏணியில் ஏற விட்டிருப்பீர்களா?

காலையில் மாதா கோயில் மணி அடித்தார்கள். புயல் நம் தீவைத் தாண்டியதும் நம் ஆட்கள் நன்றிப் பூசை வைத்துப் பொரிகடலை கொடுப்பார்களே, அதுதான். நீங்கள் ஒரு தடவைகூட அதைக் கையில் வாங்கியதில்லை.

"புயல் மேக்க திரும்பிட்டு. இனி அது நம்மூருக்குத்தான் போவுது. அங்கேருந்து சேதி வரட்டும், அப்பறம் திங்கலாம்" என்பீர்கள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது இந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் இந்த மூஞ்சி என்று நான் சலித்துக்கொள்வேன். அங்கே இருந்தவர் உங்கள் அண்ணன். எனக்கு அது உறைக்கவில்லை.

இப்போது அங்கே இருப்பது நம் செல்வி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஓலை வீட்டில், நிறைமாத வயிற்றோடு.

தீதி என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளத்து அக்கா சிரித்தபடி வந்தாள். "தூஃபான் சலா கயா!" புயல் போய்விட்டதாம்.

"கிதர் கயா, தீதி?" எங்கே போயிற்று என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

பாய் கடை ரேடியோவில் மேற்கே போகிறது என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டுக்குத் தந்தி போகவில்லை. கப்பலும் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கிறது. செல்வி ஓலை வீட்டை விட்டு மேட்டுக்குப் போயிருப்பாளா? இந்த நிலைமையில் யார் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். தீதியும் வந்து பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்தாள். என்ன கேட்பது? வடக்கே திருப்பிவிடு தாயே என்று வாய்வரை வந்தது. வடக்கே வங்காளக் கரை. தீதியின் தங்கை பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறாள். தீதி என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை.

செல்வி அப்பா, நான் வடக்கே என்றுதான் கேட்டேன்.

இனி எந்தப் புயல் வந்தாலும் நடுக்கடலிலேயே செத்துப் போகட்டும் என்றுதான் வேண்டுவேன். இது சத்தியம். இந்த ஒரு தடவை மட்டும் என்னை ஒன்றும் சொல்லாதீர்கள்.

உங்கள் மனைவி,
செல்வியின் அம்மா