காப்பித் தட்டுக்குள் ஐந்து குண்டு

சிராங்கூன் சாலை,
1966

பினாங்கில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொண்டர் படையில் எங்களுக்குச் சுடும் பயிற்சி. நூறு கஜத்திலிருந்து ஐந்து குண்டு சுட்டேன். ஒன்றுகூட இலக்குத் தாளின் நடுவட்டத்தில் படவில்லை. ஐந்தும் இடப்பக்கம், காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டு மூடுகிற அளவுக்குள் நெருங்கி விழுந்திருந்தன.

நான் முகம் வாடி நின்றேன். சார்ஜன்ட் இப்ராஹீம் சிரித்தார்.

"குண்டு ஓரமா போனா துப்பாக்கியத் திருத்திக்கலாம்லா. கை நடுங்குனா அத யாரு திருத்துறது? உங்க கை நடுங்கல."

சாயங்காலம் மற்றவர்கள் பீர் வாங்கினார்கள். நான் இப்போதெல்லாம் குடிக்கிற பார்லித் தண்ணீரையே குடித்தேன்.

சுட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று குடியில் நடுங்கிய என் கையைப் பார்த்துத்தானே உன் அண்ணன் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்? அவரிடம் இதைக் காட்டு. நடுவட்டத்தை விட்டுவிட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கச் சொல்.

அவர் பார்த்து முடித்ததும் பெட்டியைக் கட்டு.

உன் வீட்டுக்காரன்