பதினேழு வாரம் குடிக்காத எஞ்சின்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நீங்களும், நீங்கள் காவல் காக்கும் அந்தப் பெரிய எஞ்சினும் சுகமாக இருக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று கப்பல் கம்பெனி ஏஜென்ட் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் போனில் இதைச் சொல்ல முடியாது. கிடைக்கிற பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மிச்ச நேரத்தில் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருடைய இருமல்தான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

முதலில் நல்ல செய்தி. கார் வழக்கு முடிந்துவிட்டது. எஞ்சின் செலவில் முக்கால் பங்கைக் கம்பெனி ஏற்க வேண்டும், கால் பங்கு நாம் கொடுக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. அந்தக் கால் பங்கு ஏன் நம் தலையில் விழுந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எதைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆள் நீங்கள். இதை மட்டும் முன்னாலிருந்து படியுங்கள்.

கார் நின்ற அன்றைக்கு நடந்ததை உங்களிடம் பாதிதான் சொன்னேன். காலை ஏழு மணி இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டிய பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் லேப் பெட்டி, அதில் ஏற்கெனவே ஆறு பேருடைய ரத்தம். பாலத்தில் ஏறும்போது அடியில் யாரோ ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடவென்று சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனில் என் காது இரண்டு நாள் அடைத்திருந்தது. அந்த ஆறு குப்பிகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு காய்கறி வேனில் ஏறி லேபுக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து இரண்டரை மாதம் பஸ்தான். வண்டி இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு போகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று லேப் முதலாளி இரண்டு தடவை சொல்லிவிட்டார். இதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை.

சர்வீஸ் சென்டரில் முன்னால் உட்கார்ந்திருப்பாரே, எதைக் கேட்டாலும் "பாக்கலாம் மேடம்" என்பவர், நான் அவருக்குப் பாக்கலாம் என்றே பெயர் வைத்துவிட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். முதல் நாள், எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, உள்ளே ஆயிலே இல்லை, ஆயில் பார்க்காமல் ஓட்டியது உங்கள் தப்பு என்றார். நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முன்னால் இரண்டு தடவை அங்கே போய், வண்டி ஆயில் குடிக்கிறது என்று எழுதிக் கொடுத்த சீட்டுகளை எடுத்துப் போட்டேன். அப்போது அவரே "இது இயல்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பார்த்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அதையும் பார்க்கலாம் என்றார்.

அங்கே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு டாக்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். நம்முடைய மாடல்தான், அதே கோளாறு, ஆனால் அவருக்குக் கம்பெனியே சும்மா செய்துகொடுக்கிறது. எப்படி என்று கேட்டேன். கையில் இருந்த ஒரு தாளைக் காட்டினார். கம்பெனி தன் சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும் அனுப்பிய சுற்றறிக்கை அது. இந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டு ஆயில் எரிகிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆயில் அளவை விடாமல் பதிந்து வைத்திருக்கும் வாடிக்கையாளர், கேட்டால் மட்டும், இலவசமாகச் சரிசெய்து கொடுக்கவும் என்று இருக்கிறது. கேட்டால் மட்டும்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இவர்கள் கிள்ளிவிட்டு, பிள்ளை கத்தினால் மட்டும் ஆட்டுகிறவர்கள். நான் அங்கேயே அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறதா? "நோட்டு இருக்கும்போது என்ன பயம்? கொண்டு போய் மூஞ்சிக்கு நேரா நீட்டு" என்றீர்கள். எஞ்சின் ரூமில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறீர்களாம், என் வீட்டில் காருக்கும் கப்பல் மாதிரி நோட்டு உண்டு, நான் இல்லாவிட்டாலும் அவள் ஒரு வாரம் விடாமல் எழுதுகிறாள் என்று. போனை வைத்த பிறகு நான் சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். நீங்கள் நூலில் கட்டிவிட்ட பேனாவோடு நோட்டு அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

(ஆள் வந்துவிட்டார். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவர். ரத்தம் எடுத்துவிட்டு வந்து தொடர்கிறேன். இதை லேபில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.)

கம்பெனி மேலிடம் எழுத்தில் மறுத்துவிட்டது. அதனால் நுகர்வோர் சமரச அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. சமரச அலுவலர் ஒரு அம்மா. மேசையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தார். உங்கள் நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரிக்கு அடியிலும் ஸ்கேலை வைத்து வைத்துப் படித்தார். தேதி, கிலோமீட்டர், ஆயில் பார்க்கும் கம்பியில் அளவு, ஊற்றியது எவ்வளவு, கையெழுத்து. ஐந்து கட்டம், ஒன்றேகால் வருஷம், ஒரு வாரம் தப்பவில்லை. கார் வைத்திருப்பவர் எல்லாரும் இப்படி எழுதினால் எனக்கு வேலையே இருக்காது என்றார். உங்களுக்காக எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பிறகு நோட்டு கம்பெனி அதிகாரியிடம் போனது. சின்ன வயசு, மரியாதையான ஆள், டை கட்டியிருந்தார். அவர் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, கணவர் ஊரில் இருந்தவரை இந்த வண்டி மாதம் ஒன்றரை லிட்டர் ஆயில் குடித்திருக்கிறது, அவர் போனபின் மூன்று வாரமும் குடித்திருக்கிறது, அதற்குப் பிறகு பதினேழு வாரம் ஒரு சொட்டு குறையவில்லை, ஒரு சொட்டு ஊற்றவுமில்லை என்று வரிசையாகச் சொன்னார். குடிகாரன் திடீரென்று ஒரே நாளில் திருந்திவிட்டான் போலிருக்கிறது என்று யாரோ பின்னால் சிரித்தார்கள். ஆகவே மேடத்தின் பதிவுப்படியே எங்கள் எஞ்சினில் ஆயில் குடிக்கும் கோளாறு இல்லை, அது வேறு ஏதோ காரணத்தால் கெட்டிருக்கிறது, சுற்றறிக்கை இதற்குப் பொருந்தாது என்று முடித்தார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். இப்போது உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினேழு வரியும் பொய். நான் பார்க்கவே இல்லை. கிலோமீட்டர் மட்டும் நிஜம், அது உட்காரும்போதே கண்ணில் படுவது. மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது. "அளவு சரி, ஊற்றவில்லை." கார் பத்தடி தள்ளி வாசலில் நின்றது. நான் லேபில் வேலை செய்கிறவள். ஒருவருடைய சர்க்கரை அளவைப் பார்க்காமல் ஒரு தடவை எழுதினால்கூட என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அனுப்பத்தான் வேண்டும். அப்படிப்பட்டவள் பதினேழு தடவை எழுதினேன். அதைச் சமரச அலுவலகத்தில் நீட்டும்போதும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் போன நாலாவது வாரம் பாப்பா பள்ளிக்கூடத்தில் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை விழுந்தாள். சனிக்கிழமை கட்டுப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன். நீங்கள் முதலில் கேட்டது ஆயில் பார்த்தாயா என்று. நான் பாப்பா கையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பார்த்தாரா, கட்டுப் போட்டாரா என்றீர்கள். போட்டார் என்றேன்.

"சரி. கம்பியைத் தொடச்சிட்டு ரெண்டாவது தடவை விட்டுப் பாத்தியா?"

அதோடு லைன் போய்விட்டது. அன்றைக்கு நான் கம்பியைத் தொடவில்லை. அதற்கு அடுத்த வாரமும் தொடவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தை நான் அந்த எஞ்சினிடம் காட்டினேன். பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று போனில் சொல்லும்போதெல்லாம், சரி, இப்போது வேறு ஏதாவது கேட்கிறாரா பார்ப்போம் என்று காத்திருந்தேன். நீங்கள் டயரில் காற்று பார்க்கச் சொன்னீர்கள். உங்களிடம் சொல்லியிருக்கலாம். சண்டையாவது போட்டிருக்கலாம். வாயைத் திறக்காமல் நோட்டில் பொய் எழுதிக்கொண்டிருந்தது என் தப்புதான், அதில் உங்களைக் கூட்டுச் சேர்க்கவில்லை.

நீங்கள் ஆயிலைக் கேட்பது நானும் பாப்பாவும் நடுவழியில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அது எனக்குப் புரியாமல் இல்லை. இருபது வருஷமாக எஞ்சினைக் கேட்டுக் கேட்டே பழகிய மனுஷர். ஆனால் புரிந்தால் மட்டும் வயிறு நிறைகிறதா?

மூன்றாம் மாடியில் இவ்வளவும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். எழுந்து நின்று, இந்த வரியிலிருந்து கீழே உள்ளது எதையும் நம்பாதீர்கள், நான் பார்க்காமல் எழுதினேன் என்று மட்டும் சொன்னேன். டை கட்டியவர் உடனே எழுந்து, அப்படியானால் வாடிக்கையாளர் பராமரிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்றார். அந்தப் பக்கம் போனாலும் அடி, இந்தப் பக்கம் போனாலும் அடி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஸ்கேலை எடுத்து அந்தப் பதினேழு வரிக்கு மேலே ஒரு கோடு போட்டார். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். வீட்டு விஷயம் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கோட்டுக்கு மேலே உள்ள உங்கள் எழுத்தையும், "இது இயல்பு" என்ற பாக்கலாத்தின் கையெழுத்தையும், சுற்றறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோளாறு கம்பெனிக்குத் தெரியும், வந்து சொன்னவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு முக்கால் பங்கு. நாலு மாதம் பார்க்காமல் ஓட்டியதற்குக் கால் பங்கு. "நீங்க இதைச் சொல்லலேன்னா, இந்த நோட்டை வச்சே உங்க மனுவைத் தள்ளியிருப்பேன்" என்றார். சுற்றறிக்கைக்குச் சாட்சியாகக் கூட வந்திருந்த டாக்சிக்காரர், படியிறங்கும்போது, உண்மையைச் சொன்னதற்கு ஃபைன் கட்டிய ஒரே ஆள் நீங்கள்தான் என்று கேலி பண்ணினார். ஃபைன் உண்மைக்கு இல்லை, அதற்கு முன்னால் சொன்னதற்கு என்றேன். அந்தக் கால் பங்கை என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன். அதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

புதன்கிழமை கார் வந்தது. பாக்கலாம் அவரே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு வீடு போகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கும் பேச்சை லேப் முதலாளி விட்டுவிட்டார். பாப்பாவின் கட்டைப் பிரித்து வெகுநாள் ஆகிறது. பந்து எறிகிறாள், சடைதான் இன்னும் சரியாகப் பின்ன வரவில்லை. எந்தக் கை என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை.

கோபமாக இருப்பீர்கள். இருங்கள், நியாயம்தான். எஞ்சின் ரூமில் என்ன சொல்வது என்று சங்கடமாகவும் இருக்கும். ஆனால் கோபத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு போனில் டயரைப் பற்றிப் பேசாதீர்கள். திட்டுவதானால் பத்து நிமிடமும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறேன். இன்று காலை, எஞ்சின் சூடாகும் முன், கம்பியைத் துடைத்து இரண்டாவது தடவை விட்டுப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிஜமாகவே பார்த்தேன். உங்கள் ஐந்து கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதன் தலையில் "வீடு" என்று எழுதியிருக்கிறேன். இந்த வாரத்துக்கு அதில் எழுதியாகிவிட்டது, எல்லாம் நிஜம்.

என்ன எழுதியிருக்கிறேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லைன் கிடைத்ததும் அந்தக் கட்டத்தை முதலில் கேளுங்கள். ஆயில் கடைசியில் இருக்கட்டும், லைன் போனாலும் பரவாயில்லை.

கடல் அமைதியாக இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா