புத்தருக்கு வைத்த சுருட்டு

கொல்லங்கோடு,
1974

மாமாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நானும் பிள்ளையும் ஊர் வந்து சேர்ந்துவிட்டோம்.

கல்கத்தாவின் அந்தப் பழைய புத்தர் கோவிலில் நான் செய்தது தப்புதான். நம் வயலோரத்து முனியப்பனும் அப்படித்தானே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்? உங்களுக்கு வேலை கிடைத்தால் சுருட்டு வைப்பதாக முனியப்பனிடம் வேண்டியிருந்தேன். முந்தானையில் முடிந்து வந்திருந்த சுருட்டைப் பற்றவைத்துப் புத்தர் முன்னால் வைத்தேன்.

அங்கிருந்த துறவி சிரித்தார். சுருட்டை அணைத்துவிட்டு, என் கையில் ஒரு தாமரைப் பூவைக் கொடுத்தார். உங்களுக்குத்தான் மானம் போய்விட்டது.

கூட வந்த உங்கள் மேனேஜர் நம் பாலக்காட்டுக்காரர். என்னைக் காட்டி, "இதாரா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஊட்டு வேலைக்கு ஊர்லிருந்து கூட்டியாந்ததுங்க" என்றீர்கள்.

அப்போது என் இடுப்பில் உங்கள் மகன் இருந்தான். அவன் யார் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அந்தக் கோவில் சுவரில் இருந்த படத்தைக் காட்டி நீங்கள்தானே எனக்குக் கதை சொன்னீர்கள், புத்தர் தூங்குகிற பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனவர் என்று. விட்டுப் போனவர்கூட அவளைப் பெண்டாட்டி இல்லையென்று யாரிடமும் சொல்லவில்லை, மாமா.

இப்படிக்கு,
உங்கள் மகனைப் பெற்றவள்